மலைநாட்டுத் தொட்டியில் டாங்: பாசியைவிடப் பெரிய கணக்குகள்

"அண்ணே, கல்லெல்லாம் பாசி மூடிப்போச்சு, டாங் ஒன்னு வாங்கி விட்டா சுத்தமாக்கிடும்தானே?" இலங்கை மலைநாட்டில், ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா பக்கம் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் அவர்களில் புதிதாகத் தொடங்கியவர்கள் பேச்சை ஆரம்பிப்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான். தின்னும், ஆனால் அதற்காக மட்டும் வாங்காதீர்கள் என்பதே என் பதில். அதிலும் நாலாயிரம், ஆறாயிரம் அடி உயரத்தில் இருக்கிற வீட்டில் இந்த மீனை வளர்ப்பதும் கொழும்பில் வளர்ப்பதும் ஒன்றே இல்லை. நாம் படிக்கிற, பார்க்கிற ஆலோசனை எல்லாமே கடல் மட்டத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னது. அவர்களுக்குச் சூடு தலைவலி, அதனால் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் வாங்கச் சொல்வார்கள். நமக்குத் தலைவலி வேறு: குளிர், மெலிந்த காற்று, மரம் விழுந்தால் போகிற கரண்ட்.

சரி, முதலில் மீன். டாங் என்று கடையில் சொல்வது அகாந்துரிடே குடும்பத்து மீன்களை. சர்ஜன் மீன் என்றும் சொல்வார்கள், காரணம் வாலடியில் இரண்டு பக்கமும் இருக்கிற கூரான முள். பெரும்பாலான இனங்களில் அது சதைக்குள் ஒரு பள்ளத்தில் படுத்தே கிடக்கும், வாலை வெட்டித் திருப்பும்போது வெளியே நீட்டும். யெல்லோ டாங்கின் மஞ்சள் உடம்பில் வாலுக்கு முன்னால் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு தெரியுமே, அதுதான். பக்கத்தில் போகிற மீனின் விலாவைக் கிழிக்கவும் முடியும், தொட்டிக்குள் கையை விட்டவரின் விரலைக் கிழிக்கவும் முடியும். வலையில் பிடித்தால் இந்த முள் கண்ணியில் மாட்டிக்கொள்ளும், அதை விடுவிக்கப் போய் மீனையும் காயப்படுத்தி நாமும் காயப்படுவோம். ஆகவே டாங்கைப் பிடிக்க வலை வேண்டாம், ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து உள்ளே ஓட்டிவிடுவதே நல்லது.

எல்லா டாங்கும் ஒரே மாதிரி மேய்வதில்லை, கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை. சேல்ஃபின், யெல்லோ, ஸ்கோபாஸ் எல்லாம் சேர்ந்த சீப்ரசோமா வகைக்கு வாய் நீண்டு குவிந்திருக்கும், கல் இடுக்கில் முளைத்த இழைகளைக் கொய்து தின்னும். பவுடர் ப்ளூ, கன்விக்ட் எல்லாம் சேர்ந்த அகாந்துரஸ் வகை திறந்த கல்பரப்பில் குட்டையாக வளர்ந்த பாசியைக் கரம்பும். டெனோகீட்டஸ் வகையின் பற்கள் மெல்லியவை, சீப்புப் போல வரிசையாக, வளைந்து கொடுக்கும். அவை கல்லின் மேல் படிந்த தூசியையும் டயற்றம் எனும் பழுப்புப் படலத்தையும் கூட்டி எடுக்கத்தான் லாயக்கு. ஆக, உங்கள் தொட்டியில் இருப்பது பச்சை மயிர்ப்பாசி என்றால் டெனோகீட்டஸை வாங்கிப் பயனில்லை. சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ வழுவழுவென்று போர்வை போட்டிருந்தால் அது பாசியே இல்லை, சயனோபக்டீரியா, அதை எந்த டாங்கும் தொடாது. பிரயொப்சிஸ் என்கிற இறகு மாதிரிப் பாசியையும் பெரும்பாலானவை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மயிர்ப்பாசிகூட விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டால் மீன் அதைச் சீண்டாது. முதலில் நீங்கள் கையால் பிடுங்க வேண்டும், பிறகு முளைக்கிற குட்டைத் துளிரைத்தான் அது மேயும்.

கடலில் இந்த மீன்கள் செய்கிற வேலை பெரியது, அதில் சந்தேகமில்லை. கரீபியன் கடலில் 1983-84 இல் டயடெமா என்கிற நீண்ட முள் கடல் முள்ளெலிகள் ஏதோ ஒரு நோயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்துப்போனபோது, ஏற்கெனவே பாசி தின்னும் மீன்கள் அதிகமாகப் பிடிக்கப்பட்டிருந்த ஜமேக்கா போன்ற இடங்களில் பவளத்தின் மேல் பாசி ஏறி அப்படியே மூடிவிட்டது. மேய்கிறவன் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்றைக்கும் காட்டப்படுகிற உதாரணம் அது. நம் நாட்டிலும் 1998 இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்துப் பார் ரீஃபிலும் பவளம் வெளுத்து ஏராளமாகச் செத்தது. செத்த பவளத்தின் எலும்பு என்பது பாசிக்குக் கிடைத்த வெறும் நிலம். புதுப் பவளக் குஞ்சுகள் வந்து ஒட்ட இடம் வேண்டுமென்றால் யாராவது அதை விடாமல் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும், அந்த வேலையில் சர்ஜன் மீன்களுக்குப் பெரிய பங்கு.

ஆனால் கடலில் மீன் போடும் கழிவை எடுத்துப்போக அலை இருக்கிறது, முந்நூறு லீற்றர்த் தொட்டியில் அது எங்கே போகும்? புல் மேய ஆட்டை விட்டால் புழுக்கை அதே காணியில்தானே விழும். பாசிக்குள் இருந்த நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் மீன் வழியாகத் திரும்பத் தண்ணீருக்கே வரும். அதோடு டாங்குக்கென்று நீங்கள் தினமும் போடுகிற தீனியும் சேரும். காற்றுக் குமிழால் கழிவை நுரையாக்கிப் பிரிக்கிற ஸ்கிம்மர், தண்ணீர் மாற்றுவது, பெரிய தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து வந்து சுற்றிப்போகிற பின்தொட்டியில் கீட்டோ என்கிற இழைப்பாசியை வளர்த்து அறுத்து வெளியே எறிவது, இப்படி ஏதோ ஒரு வழியில் சத்து தொட்டியை விட்டு வெளியேறினால்தான் பாசி குறையும். டாங் செய்வது எஞ்சியதைக் குட்டையாக வைத்திருப்பது, அவ்வளவுதான்.

இனி மலைநாட்டுச் சங்கதிக்கு வருகிறேன். ஒட்சிசனில் தொடங்க வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை.

குளிர் பிரதேசத்துத் தண்ணீரில் ஒட்சிசன் அதிகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆற்றுக்கு அது சரி. ஹீட்டர் போட்டு 26 பாகையில் வைத்திருக்கிற தொட்டிக்கு அது பொருந்தாது, அதற்குமேல் உயரம் வேறு குறுக்கே வருகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர். அந்த உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடற்கரையில் இருப்பதில் 80 சதவீதம்தான். தண்ணீரில் கரையக்கூடிய ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறையும். கடல் மட்டத்தில் 26 பாகைக் கடல்நீர் லீற்றருக்குச் சுமார் 6.6 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். நுவரெலியாவில் அதே தண்ணீர் சுமார் 5.3 தான். கொழும்பில் சில்லர் இல்லாமல் 30 பாகைக்குக் கொதிக்கிற தொட்டியில்கூட 6.2 இருக்கும். புரிகிறதா, "சூட்டில் மீன் மூச்சுத் திணறுது" என்று புலம்புகிற கொழும்புக்காரரின் தொட்டியைவிட, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நாம் பார்த்துக்கொண்டிருக்கிற தொட்டியில் ஒட்சிசன் குறைவு. ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் நிலைமை இதைவிடக் கொஞ்சம் மேல், கடல் மட்டத்தின் 86 சதவீதம் வரும். கண்டியில் கவலையே வேண்டாம்.

இது ஏன் டாங்குக்கு முக்கியம் என்றால், இவை அலை உடைகிற இடத்து மீன்கள். நம் கரையோரத்திலும் இருக்கிற அகாந்துரஸ் லினியாட்டஸ், அதாவது உடம்பெல்லாம் நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்ட க்ளவுன் டாங், நுரை பொங்குகிற பாறை விளிம்பில்தான் தன் எல்லையைப் போட்டுக் காவல் காக்கும். பவுடர் ப்ளூவும் ஓட்டமுள்ள, தெளிந்த தண்ணீரைத் தேடுகிற மீன். பகல் முழுக்க நிற்காமல் நீந்தி நிற்காமல் மேய்கிற உடம்புக்கு ஒட்சிசன் செலவும் அதிகம். 5.3 என்பது அதுவாகவே ஆபத்தான அளவு இல்லை. ஆனால் அது நிறைவு அளவு, அதற்கு மேல் ஏறாது. ராத்திரி விளக்கணைந்த பிறகு பவளம், பாசி, பக்டீரியா எல்லாம் சேர்ந்து ஒட்சிசனை இழுக்கும்போது விடியற்காலையில் நாலுக்குக் கீழே இறங்க நமக்கு இருக்கிற இடைவெளி கடற்கரைக்காரருக்கு இருப்பதைவிடச் சின்னது. காலையில் விளக்குப் போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். மீன் ஒரு மூலையில் நின்று செவுளை வேக வேகமாக அடித்துக்கொண்டிருந்தால், மருந்துக் குப்பியைத் தேடும் முன் மேல்பரப்பு நன்றாகக் கலங்குகிறதா என்று பாருங்கள்.

ஆகவே மேல்பரப்பை உடைக்கிற மாதிரி பம்பைத் திருப்பி வையுங்கள், ஸ்கிம்மர் தொட்டியின் அளவுக்கு ஒரு படி பெரியதாக இருக்கட்டும், வெப்பநிலையை 27, 28 என்று ஏற்றாமல் 25 இல் நிறுத்துங்கள். பின்தொட்டியில் கீட்டோ வளர்க்கிறீர்கள் என்றால் அதன் விளக்கை ராத்திரியில் எரிய விடுங்கள். பெரிய தொட்டி இருட்டில் ஒட்சிசனைக் குடிக்கிற நேரத்தில் சின்னத் தொட்டி கொஞ்சம் திருப்பித் தரும்.

அடுத்தது ஜன்னல். சாயந்திரம் மூடுபனி இறங்கினதும் நம் வீடுகளில் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். உள்ளே ஐந்து பேர் மூச்சு விட, அடுப்பும் எரிந்தால் அறையின் காபனீரொட்சைட்டு ஏறிவிடும். அது தண்ணீரில் கரைந்து, 8.2 இல் நிற்க வேண்டிய பிஎச் 7.8க்கு இறங்கும். டாங்குக்கு இதனால் உடனே ஒன்றும் ஆகாது, பவளத்தின் வளர்ச்சிதான் மந்தமாகும். பிஎச் ஏற்றுகிற பொடிக்குக் காசு செலவழிக்காதீர்கள். ஸ்கிம்மர் காற்று இழுக்கிற குழாயில் இன்னொரு குழாயை மாட்டி ஜன்னல் சட்டத்தில் ஒரு துளை போட்டு வெளியே விட்டால் முடிந்தது. நம் ஊரில் வெளிக்காற்றுக்கா பஞ்சம்?

சூட்டுக் கணக்குக்கு வருவோம். நாலடித் தொட்டி, 120க்கு 50க்கு 50 சென்றிமீற்றர், முந்நூறு லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அறை 15 பாகை, தண்ணீர் 25 பாகை என்றால் கண்ணாடி வழியாகவும் மேல்பரப்பில் ஆவியாவதன் வழியாகவும் இருநூறு, இருநூற்றைம்பது வோட்ஸ் சூடு ஓய்வில்லாமல் வெளியேறும். 250 வோட்ஸை 24 மணி நேரத்தால் பெருக்கினால் நாளுக்கு ஆறு அலகு, மாதத்துக்கு 180. பம்பும் விளக்கும் இதில் ஒரு பகுதியைத் தந்துவிடும் என்பது உண்மை, ஆனால் அவற்றுக்கும் கரண்ட் நாம்தானே கட்டுகிறோம். மின்சார சபை பில்லில் 180 அலகைத் தாண்டினால் எந்தப் படியில் போய் விழுவோம் என்று வீட்டில் பில் கட்டுகிறவருக்குத் தெரியும், மீன் வாங்கும் முன் அவரிடம் பேசிவிடுவது குடும்ப சமாதானத்துக்கு நல்லது.

இதைப் பாதியாக்க வழி இருக்கிறது. மீன் பார்சல் வருகிற ரிஜிபோம் இருக்கிறதே, அதே ரிஜிபோம் பலகையை ஓர் அங்குலத் தடிப்பில் வாங்கி, பின்பக்கம், இரண்டு ஓரம், அடிப்பக்கம் என்று ஒட்டிவிடுங்கள். மேலே கண்ணாடி மூடி போடுங்கள், டாங் பயந்தால் துள்ளி வெளியே விழுகிற மீன், எப்படியும் மூடி வேண்டும். இங்கேதான் ஒரு சிக்கல்: மூடினால் சூடு நிற்கும், ஆவியாதல் குறையும், சுவரில் ஈரம் பூத்துப் பூசணம் பிடிக்காது, ஆனால் காற்றுப் பரிமாற்றமும் குறையும், போன பத்திகளில் அவ்வளவு நேரம் பேசிய ஒட்சிசன் கதை கெட்டுவிடும். என் தீர்ப்பு, மேல்தொட்டியை மூடுங்கள், கீழே பின்தொட்டியை வைத்து வழிந்தோடும் தண்ணீரும் ஸ்கிம்மரும் மூச்சு விடுகிற வேலையைப் பார்க்கட்டும். பின்தொட்டி இல்லாமல், மூடியும் போட்டு, மலையுச்சியில் டாங் வளர்ப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஹீட்டர் ஒன்று பெரியதாக வாங்காமல் இரண்டு சின்னதாக வாங்குங்கள். கடற்கரையில் ஹீட்டர் எரிந்தபடியே நின்றுவிடுவதுதான் பயம், தொட்டி வெந்துவிடும். நமக்கு அணைந்தபடியே நின்றுவிடுவதுதான் பயம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை துகள்பனி கொட்டுகிற ராத்திரிகளில் ஒருவரும் எழுந்து பார்க்க மாட்டோம்.

கரண்ட் கட். மே, ஜூன் மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் டர்பன்டைன் மரமோ சவுக்கு மரமோ லைன் மேல் விழும், அப்புறம் எப்போது வரும் என்று தெரியாது. 2022 இல் நாடு முழுக்க மணிக்கணக்கில் வெட்டியபோது பட்ட பாடும் மறந்திருக்காது. மேலே சொன்ன தொட்டி, ரிஜிபோம் இல்லாவிட்டால் தொடக்கத்தில் மணிக்கு முக்கால் பாகைக்குக் கிட்ட இறங்கும், ஐந்து மணி நேரத்தில் மூன்று பாகைக்கு மேல். அது கவலைதான், ஆனால் மீன் குளிரால் சாகும் முன் மூச்சுத் திணறிச் சாகும். பம்ப் நின்ற உடனே மேல்பரப்பு அசையாமல் கண்ணாடி போல ஆகிவிடும், ஒட்சிசன் உள்ளே போகிற வழி அடைபட்டுவிடும். ஆகவே முதலில் காற்று, பிறகுதான் சூடு. 100 ஆம்பியர் மணி பற்றரியோடு ஓர் இன்வேர்ட்டர் இருந்தால், பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்தால், கையில் இருப்பது சுமார் 600 வோட்ஸ் மணி. ஹீட்டரை அதில் மாட்டினால் இரண்டரை மணி நேரத்தில் காலி. 15 வோட்ஸ் பம்ப் ஒன்றை மாட்டினால் ஒன்றரை நாளைக்கு மேல் ஓடும். சூட்டுக்கு நமக்கு விறகு அடுப்பு இருக்கிறது. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் நாலில் கை பொறுக்காத சுடுதண்ணீரை நிரப்பி மூடி மிதக்க விட்டால் முந்நூறு லீற்றர்த் தொட்டி ஒரு பாகைக்குக் கிட்ட ஏறும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் போத்தல் சுருங்கிவிடும், கொஞ்சம் ஆற விட்டு ஊற்றுங்கள்.

தண்ணீர் விசயத்தில் மலைநாடு கொடுத்துவைத்தது என்று நினைப்போம். பீலித் தண்ணீர் குடிக்க இனிமையானது, உப்புக் குறைவு, கிணற்றுக் கடினத்தன்மை இல்லை. ஆனால் அந்த ஊற்று எந்தக் காணிக்குக் கீழே இருக்கிறது என்று பாருங்கள். மேலே உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிற தோட்டமானால் உரம் வடிந்து வரும், பாசிக்கு விருந்து. மேலே தேயிலை என்றால் இன்னொன்று: கொப்புள நோய் 1946 இல் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து தேயிலைக்குச் செப்புக் கலந்த மருந்து அடிக்கிற பழக்கம் உண்டு. செப்பு மிகச் சிறிய அளவிலேயே பவளத்தையும் இறாலையும் சங்கையும் கொல்லும். தண்ணீரில் கரைந்திருப்பதையும் நீக்குகிற ஆர்ஓ வடிகட்டியின் தண்ணீரில் செயற்கை உப்பைக் கரைத்து, உவர்த்தன்மையை ஆயிரத்துக்கு 35 பங்கில் வைப்பதுதான் நிம்மதி.

தொட்டிக்குள் அடுக்குகிற கல் விசயம் ஒரு வரியில்: கடலில் பவளத்தை உடைப்பது நம் நாட்டில் குற்றம், திருகோணமலைக்குச் சுற்றுலா போன இடத்தில் பையில் போட்டுக்கொண்டு வருவதும் அதில் சேர்த்திதான்.

தீனி. நுவரெலியாவில் சலாது இலைக்குப் பஞ்சமில்லை, மலிவு, மீனும் ஆசையாகக் கடிக்கும். ஆனால் அது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர், மிச்சத்திலும் கடல் மீனுக்கு வேண்டிய சத்து அதிகம் இல்லை, மேலே அடித்த பூச்சிமருந்து இலவசம். சலாது தின்று வயிறு நிறைந்த டாங் மெதுவாக மெலிந்துகொண்டே போகும். கடற்பாசிதான் வேண்டும். சுஷி செய்கிற நோரித் தாள் கண்டியில் பெரிய கடைகளில் கிடைக்கும், உப்பும் எள்ளெண்ணெயும் சேர்க்காத வெறும் தாளாகப் பார்த்து வாங்குங்கள். மன்னார், கற்பிட்டிப் பக்கத்துக் கஞ்சிப்பாசி காய்ந்தது கிடைத்தால் இன்னும் நல்லது, ஊறவைத்து நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கல்லில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டால் மீன் இழுத்து இழுத்துத் தின்னும். ஒரே வேளை நிறையப் போடுவதைவிட காலை, மத்தியானம், சாயந்திரம் என்று பிரித்துப் போடுங்கள், நாள் முழுக்க மேய்ந்து பழகிய குடல் அது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை கொஞ்சம் மைசிஸ் இறாலும் கொடுக்கலாம்.

அந்தக் குடலைப் பற்றி ஒரு விசயம் சொல்லாமல் போக மனமில்லை. செங்கடலில் பிடித்த ஒரு பழுப்பு சர்ஜன் மீனின் குடலில் 1980களில் ஓர் உயிரியைக் கண்டார்கள், நீளம் அரை மில்லிமீற்றருக்கும் மேல், வெறுங்கண்ணுக்கே ஒரு புள்ளியாகத் தெரிகிற அளவு. இவ்வளவு பெரியது பக்டீரியாவாக இருக்கவே முடியாது என்று நினைத்தார்கள். 1993 இல் மரபணுவைச் சோதித்தபோது பக்டீரியாதான் என்று தெரிந்தது. எபுலோபிசியம் என்று பெயர். இப்படிப் பாசியைச் செரிக்க உதவுகிற ஒரு கூட்டமே இந்த மீன்களின் குடலில் குடியிருக்கிறது. கடலில் பிடித்து, ஏற்றுமதிக்காரரின் தொட்டியில் பட்டினி கிடந்து, கடையிலும் பட்டினி கிடந்து வந்த மீன் நன்றாகத் தின்றும் தேறாமல் போவதற்கு இந்தக் கூட்டம் அழிந்துபோவது ஒரு காரணம் என்று வளர்ப்பவர்கள் பலர் சொல்வார்கள். காரணம் எதுவானாலும், கடையில் மீனை முன்பக்கமாக, முகத்துக்கு நேரே பாருங்கள். பக்கவாட்டில் அழகாகத் தெரிகிற மீன் முன்னாலிருந்து பார்த்தால் வயிறு உள்ளே ஒட்டி, முதுகுச் சதை கத்தி முனையாகி இருக்கும். அதை வாங்க வேண்டாம். கண் முன்னால் நோரியைப் போடச் சொல்லுங்கள், தின்கிற மீனுக்கு மட்டும் காசு கொடுங்கள்.

நம் கடலில் கிடைக்கிறவற்றில் கண்ணைப் பறிப்பது பவுடர் ப்ளூ. வான்நீல உடம்பு, கறுப்பு முகம், மஞ்சள் முதுகுத் துடுப்பு, யாருக்கும் ஆசை வரும். வளர்க்கக் கஷ்டமானதும் அதுதான். வெள்ளைப்புள்ளி நோய் தொட்டிக்குள் வந்தால் முதலில் பிடிப்பது அதை. புதிதாகத் தொடங்குகிறவர் ஸ்கோபாஸில் தொடங்கட்டும். பழுப்பு நிறம், ஒருவரும் புகைப்படம் எடுக்க மாட்டார்கள், ஆனால் உழைப்பாளி, முரடு குறைவு, நாலடித் தொட்டியில் சமாளிக்கும். சேல்ஃபின் சின்ன வயதில் உள்ளங்கை அளவு அழகு, வளர்ந்தால் 40 சென்றிமீற்றர் வரை போகும், ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் பாவம். யெல்லோ டாங் நம் கடல் மீன் இல்லை, ஹவாய்ப் பக்கம். அங்கே பிடிப்பதற்கு நீதிமன்றம் வழியாகத் தடை வந்த பிறகு விலை எங்கேயோ போய்விட்டது. ஹவாயில் 2015 இல் அதை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தார்கள், அடுத்த ஆண்டு புளோரிடாவில் ப்ளூ டாங்கையும். குஞ்சு ஒன்றரை, இரண்டு மாதம் திறந்த கடலில் கண்ணாடி மாதிரி மிதந்து திரிகிற இனங்கள் இவை, அதனால்தான் வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுக்க யாராலும் முடிவதில்லை. ஆயுளையும் யோசியுங்கள், ஹவாயில் காதெலும்பின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் நாற்பது வயதைத் தாண்டிய யெல்லோ டாங் இருந்திருக்கிறது.

வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியன் என்கிற ஒட்டுண்ணி. மீனின் மேல் மூன்று முதல் ஏழு நாள் இருந்துவிட்டு உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து நூற்றுக்கணக்கில் வெளியே நீந்தி வரும். புள்ளி மறைந்துவிட்டது, மீன் குணமாகிவிட்டது என்று நாம் சந்தோசப்படுகிற நேரம் அது கூட்டுக்குள் பெருகிக்கொண்டிருக்கும். ஒருமுறை தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து 76 நாள் தொட்டியைக் காலியாக விடுவதுதான் வழக்கமான பரிந்துரை. குளிரில் அதன் சுற்று இன்னும் மெதுவாகும், ஆகவே மீன் இல்லைதானே என்று ஹீட்டரை அணைத்துவிடாதீர்கள். அதைவிட, புது மீனை முதலிலேயே தனித் தொட்டியில் வைப்பது மலிவு. இரண்டு வாளி, இரண்டு ஹீட்டர், இரண்டு காற்றுக்கல் போதும். 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை மீனை மட்டும் கழுவிக் காயவைத்த மற்ற வாளிக்கு மாற்றி, இப்படி நாலு தடவை செய்தால், உதிர்ந்தவை பழைய வாளியிலேயே தங்கிவிடும். இரண்டு வாளித் தண்ணீரும் ஒரே சூட்டில், ஒரே உப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் நம் குளிரில் கவனிக்க வேண்டியது. செப்பு மருந்தும் வேலை செய்யும், ஆனால் தோட்டத்துக்கு வாங்கி வைத்த மயில்துத்தத்தைக் கண்ணளவில் கரைத்து ஊற்றுவது வைத்தியம் ஆகாது. மீனுக்கென்று விற்கிற மருந்தையே, செப்பு அளக்கிற கிட்டோடு, தனித் தொட்டியில் மட்டும் போட வேண்டும். பவளம் இருக்கிற தொட்டியில் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

மீனை மேலே கொண்டுவருவதிலும் மலை குறுக்கிடும். நீர்கொழும்பிலோ கொழும்பிலோ பையில் ஒட்சிசன் அடித்து, விண்ணென்று இறுக்கிக் கட்டித் தருவார்கள், அவர்களுக்கு அது வழக்கம். பஸ் கினிகத்தேனை தாண்டி ஏற ஏற வெளி அமுக்கம் குறைந்து, நுவரெலியா வந்து சேரும்போது பைக்குள் இருக்கிற காற்று நாலில் ஒரு பங்கு பெருத்திருக்கும். ஏற்கெனவே இறுகின பை தையலில் விட்டுவிடலாம், ரயிலில் சிப்ஸ் பக்கற் ஊதிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே. முக்கால் பங்கு மட்டும் காற்று நிரப்பி, இரட்டைப் பை போட்டு, ரிஜிபோம் பெட்டிக்குள் வைத்து வாங்குங்கள். பெட்டிக்குள் ஒரு போத்தல் இளஞ்சூட்டுத் தண்ணீரைத் துணியில் சுற்றி வைத்தால் ரம்பொடைக் குளிருக்குத் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள், ஆனால் பையைத் திறந்த பிறகு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்காதீர்கள். நீண்ட பயணத்தில் பைக்குள் அமோனியா சேர்ந்திருக்கும், காபனீரொட்சைட்டும் சேர்ந்து பிஎச் இறங்கியிருப்பதால் அதன் நஞ்சு அடங்கியிருக்கும். திறந்ததும் காபனீரொட்சைட்டு பறந்து, பிஎச் ஏறி, அதே அமோனியா நஞ்சாகிவிடும். அதனால் பைத் தண்ணீரின் உப்பை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு வாளியை அதே அளவில் தயாராக வைத்து, திறந்த உடனே மீனை அதற்குள் மாற்றிவிடுங்கள்.

மூன்றடித் தொட்டி வைத்திருக்கிறவர்கள் இதெல்லாம் படித்துவிட்டு முகம் சுளிக்க வேண்டாம். டர்போ சங்கு நாலைந்து போட்டால் மயிர்ப்பாசியை டாங்கைவிடப் பொறுமையாகத் தின்னும், கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்திவிடுவது மட்டும் உங்கள் வேலை. கல்லிலும் கண்ணாடியிலும் உதட்டை வைத்து ஒற்றி ஒற்றி எடுக்கிற லான்மோவர் ப்ளென்னி ஒன்று போதும், விரல் நீள மீன், ஒட்சிசனும் இடமும் கொஞ்சமாகவே கேட்கும், பாசி தீர்ந்ததும் அதற்கும் நோரி போட வேண்டும். யாழ்ப்பாணத்தில் குழம்பு வைக்கிற ஓரா மீனின் சொந்தக்காரனான ஃபாக்ஸ்ஃபேஸை சிலர் சிபாரிசு செய்வார்கள். நல்ல மேய்ச்சல்காரன், வெள்ளைப்புள்ளிக்கும் டாங் அளவுக்குச் சீக்கிரம் விழாது, ஆனால் அதற்கும் நாலடி வேண்டும், முதுகு முள்ளில் விசமும் உண்டு.